பரணிலிருந்து இறங்கிய பதினொரு கணினிகள்

சென்ற திங்கட்கிழமை ஒடுகத்தூர் பஸ்ஸில் வந்த பெரியவர் ஒருவர் என் கடையில் ஒரு தீப்பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பஞ்சில் சுற்றிய பட்டன் செல் ஒன்றும் மடித்த நோட்டுத் தாளும் இருந்தன. "அக்கா, மூன்றாம் எண் கணினி எஃப்1 விசையை அழுத்தச் சொல்லி நின்றது. நீங்கள் காட்டியபடியே செல்லை மாற்றிவிட்டேன். தேதியும் சரிசெய்துவிட்டேன். பழைய செல் இத்துடன் இருக்கிறது." எழுதியவள் ஒன்பதாம் வகுப்பு மாணவி. செல்லை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தேன். 2.4 வோல்ட். மாற்ற வேண்டிய செல்தான்.

அந்தத் தீப்பெட்டியைப் பார்த்த பிறகுதான் இந்த வேலை நிலைத்துவிட்டது என்று நம்பிக்கை வந்தது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். வீட்டுப் பரணிலோ அலுவலக மூலையிலோ பழைய கணினிகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

வேலூர் சத்துவாச்சாரியில், நீதிமன்றத்துக்கு வரும் பத்திரம், மனு, வாக்குமூலம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்து கொடுக்கும் கடையை நடத்துகிறேன். பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. புதுக் கணினி வாங்கும்போதெல்லாம் பழையது பின்னறைப் பரணுக்கு ஏறும். 'யாருக்காவது கொடுக்கலாம்' என்று சொல்லியே ஏற்றுவேன்.

ஒருமுறை கொடுக்கவும் செய்தேன். அதுதான் முதல் தவறு. 2024 ஜூனில், ஒடுகத்தூரைத் தாண்டி ஜவ்வாது மலையடிவாரத்தில் ஓர் ஆசிரியை நடத்தும் மாலைநேரப் படிப்பு மையத்துக்கு இரண்டு கணினிகளைத் தூசி தட்டி அனுப்பினேன். கடையில் ஒருமுறை போட்டுப் பார்த்தேன், திரை வந்தது, அவ்வளவுதான் என் சோதனை. உள்ளே விண்டோஸ் 7 அப்படியே இருந்தது. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் அனுப்பினேன். அடுத்த ஜனவரியில் ஒரு திருமணத்துக்காக அந்தப் பக்கம் போனபோது மையத்துக்குள் எட்டிப்பார்த்தேன். இரண்டும் சாக்குத் துணிக்கு அடியில் இருந்தன. ஆசிரியைக்கு அதைச் சொல்லவே சங்கடம். "ஒன்று ஒரு மாதம் ஓடியது, அக்கா. பிறகு கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி நின்றுவிடும். இன்னொன்று ஒரு நாள் சாயங்காலம் பட்டென்று சத்தம் போட்டு அணைந்துவிட்டது" என்றார். நான் கொடுத்தது கணினி அல்ல, அவர்கள் அப்புறப்படுத்த வேண்டிய ஒரு சுமை. குப்பையை என் பரணிலிருந்து அவர்கள் மூலைக்கு இடம் மாற்றியிருக்கிறேன். அன்றே இரண்டையும் காரில் ஏற்றித் திரும்பக் கொண்டுவந்தேன்.

அதற்குப் பிறகும் ஆறு மாதம் ஒன்றும் செய்யவில்லை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிகிறது என்ற அறிவிப்பு கடைத் திரையில் வந்துகொண்டே இருந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் ப்ராசஸர் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். என் கடையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஐ3 கணினிகளும் அந்தக் கணக்கில் தேறவில்லை. அவையும் பரணுக்கு ஏறும் நிலை வந்ததும் இனிமேல் தள்ளிப்போட முடியாது என்று முடிவெடுத்தேன்.

ஜூலை முதல் ஞாயிறு அண்ணன் மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இறக்கினேன். பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிறான். தரையில் பரப்பி எண்ணியபோது மேசைக் கணினிகள் 11 இருந்தன, திரும்பி வந்த இரண்டையும் சேர்த்து. மடிக்கணினி 3, அவற்றில் ஒன்று அரசின் விலையில்லா மடிக்கணினி. பழைய குண்டு மானிட்டர் 4, தட்டை மானிட்டர் 6, பிரிண்டர் 3, யுபிஎஸ் 4. ஒரு சாக்கு நிறையக் கீபோர்டும் வயரும்.

முதலில் காயலான் கடைக்காரரை அழைத்துக் கேட்டேன். கேபினெட் ஒன்றுக்கு 200 ரூபாய், யுபிஎஸ்ஸுக்கு 250, குண்டு மானிட்டருக்கு 50 என்றார். வாங்கிய மானிட்டரை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மறைக்காமல் சொன்னார். பிக்சர் ட்யூபின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புச் சுருளை எடுத்துக்கொள்வார்கள், கண்ணாடியை எவரும் வாங்குவதில்லை, எங்காவது கொட்டிவிட்டு வர வேண்டியதுதான். வயர்களைக் கொளுத்தினால் செம்பு சுத்தமாக வந்துவிடும். அவர் மீது எனக்குக் கோபமில்லை. எடைக்கு எடை பிழைப்பு நடத்துகிறவர். ஆனால் பாலாற்றுக் கரையில் உடைந்த பிக்சர் ட்யூப் கண்ணாடிகள் வெயிலில் மினுங்கிக் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கண்ணாடியின் பின்பக்கப் புனல் பகுதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஈயம்.

நம் பக்கத்து மண்ணும் நீரும் இதற்கு முன்பே பட்டது போதும். தோல் பதனிடும் கழிவால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் உவர்த்துப்போய், வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் 'மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும்' என்ற தீர்ப்பு வந்தது. நாடு முழுக்கச் சுற்றுச்சூழல் வழக்குகளில் இன்றும் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறார்கள். இராணிப்பேட்டையில் மூடிய ஆலை விட்டுப்போன குரோமியக் கழிவுக் குவியல் இன்னொரு கதை. நான் தட்டச்சு செய்த மனுக்களிலேயே எத்தனை முறை 'நிலத்தடி நீர்' என்ற சொல் வந்திருக்கிறது! என் கடையிலிருந்து ஒரு கிலோ ஈயம்கூட அந்த ஆற்றுக்குப் போகக் கூடாது என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

அடுத்த வேலை பிரிப்பது. இரண்டே கேள்வி வைத்துக்கொண்டோம். ப்ராசஸர் 64 பிட்டா? ராம் 4 ஜிபி வரை கொண்டுபோக முடியுமா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் மேசைக்கு, இல்லையென்றால் சுவர் ஓரத்துக்கு. பென்டியம் 4 மூன்றும் உடனே ஓரம் போயின. கோர் 2 டுவோ நான்கு, ஐ3 நான்கு மேசைக்கு வந்தன.

மேசைக்கு வந்ததையெல்லாம் உயிர்ப்பித்துவிட வேண்டும் என்ற ஆசையில் மூன்று ஞாயிறுகளை வீணாக்கினேன். ஒரு ஐ3-இன் மதர்போர்டில் ப்ராசஸரை ஒட்டியிருந்த ஐந்து கெப்பாசிட்டர்கள் தலை உப்பியிருந்தன. அவற்றைக் கழற்றிப் புதிது வைத்து ஈயம் பற்றவைத்தோம். ஓடியது, இருபது நிமிடத்தில் அணைந்தது, மறுபடி ஓடவில்லை. அந்த மூன்று ஞாயிறுகளில் இரண்டு நல்ல கணினிகளை முடித்திருக்கலாம். எட்டில் ஐந்தை நன்றாகச் செய்வது, மற்ற மூன்றையும் உதிரிபாகத்துக்கு வைத்துக்கொள்வது என்று பிறகு முடிவு செய்தோம். கோர் 2 டுவோ நான்கிலும் ஒவ்வொரு 2 ஜிபி ராம்தான் இருந்தது. இரண்டிலிருந்து எடுத்து மற்ற இரண்டில் சேர்த்ததும் தலா 4 ஜிபி ஆகிவிட்டது. ஐ3 மூன்றுக்கும் தலா 4 ஜிபி கூடுதலாக வேண்டியிருந்தது. சென்னை ரிச்சி தெருவில் பயன்படுத்திய டிடிஆர்3 ராம் ஒன்று 450 ரூபாய்க்குக் கிடைத்தது. காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய் மாலையில் திரும்பிவிட்டேன்.

சுத்தம் செய்யும் வேலையை வாசலில் வைத்துச் செய்யுங்கள். அறைக்குள் ப்ளோயர் போட்ட முதல் நாள் இரவெல்லாம் இருமிக்கொண்டிருந்தேன். ப்ளோயர் அடிக்கும்போது காற்றாடியை ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றவிட்டால் அதன் பேரிங் கெடும். ஒரு கேபினெட்டின் அடியில் பல்லி முட்டை ஓடுகள் ஒன்பது இருந்தன. கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் அந்தப் பல்லியே காய்ந்து, இரண்டு சாலிடர் புள்ளிகளுக்குக் குறுக்கே ஒட்டிக்கிடந்தது. கேபினெட்டின் பின்பக்க ஸ்லாட்டை எலியோ பல்லியோ நுழையாதபடி மூடும் தகடு பழைய கேபினெட்டுகளில் பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பால் பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி, விளிம்பை மடக்கி, ஐந்துக்கும் தகடு செய்து முடுக்கினோம். காசில்லாத வேலை, ஆனால் இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்வேன்.

ராமின் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிட்டாலே 'கணினி வரவில்லை' என்ற புகாரில் பாதி தீர்ந்துவிடும். ஹீட் சிங்கைக் கழற்றிப் பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தோம், மண்ணாகக் காய்ந்திருந்தது. பட்டாணி அளவு புதிது வைத்து மூட்டியதும் ஒரு ஐ3-இன் வெப்பம் 84 டிகிரியிலிருந்து 57-க்கு இறங்கியது. எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க, பெரிய பிளக்கில் பச்சை வயரையும் ஒரு கறுப்பு வயரையும் காகிதக் கிளிப்பால் இணைத்தால் தனியாக ஓடும். மஞ்சளில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3 வோல்ட் வர வேண்டும். ஒன்றில் மஞ்சள் 11.1 காட்டியது. அதை ஓரம் கட்டினோம். அண்ணன் மகன் அதைத் திறந்து பார்க்க ஆசைப்பட்டான். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் நான் விடவில்லை.

குண்டு மானிட்டர் பக்கம் ஸ்க்ரூ டிரைவரையே கொண்டுபோகவில்லை. ட்யூபுக்குள் வெற்றிடம், அதன் மேல்புற ஆனோடில் நாள்கணக்கில் உயர் மின்னழுத்தம் தேங்கும். அது நம் கை வைக்கும் இடமல்ல.

இனி ஹார்டு டிஸ்க். எனக்கு மிகவும் கவலை தந்த கட்டம் இது. பதினொன்றிலும் மக்களின் வாழ்க்கை இருந்தது. கிரயம், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், உயில் என்று ஆண்டுவாரியாக ஃபோல்டர்கள். குடும்ப அட்டை, ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் எல்லாம் ஸ்கேன் செய்தவை. 2024-இல் கொடுத்த இரண்டிலும் நான் ஃபைல்களை டெலீட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துதான் அனுப்பியிருந்தேன். அப்படி அழித்தால் பெயர்ப் பட்டியல் மட்டும்தான் போகும், ஃபைல் அங்கேயே கிடக்கும். அண்ணன் மகன் ஓர் இலவச மீட்பு மென்பொருளை ஓட்டி அரை மணி நேரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட பத்திரங்களை வெளியே எடுத்தான். எனக்குக் கை நடுங்கியது. இன்னொரு தவறான நம்பிக்கையும் அன்று உடைந்தது. அந்தக் காலத்து ஃபைல்கள் யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகத் தெரியும். அதுவே ஒரு பூட்டு என்று நினைத்திருந்தேன். அவன் ஒரு வரியை எடுத்து இணையத்தில் இருக்கும் மாற்றியில் ஒட்டினான். 'என் சுய நினைவோடும் பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதி வைக்கும் உயில் சாசனம்' என்று தமிழில் வந்து நின்றது. அந்த உயிலை எழுதச் சொன்ன பெரியவர் என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது நினைவுக்கு வந்தது.

பென் டிரைவிலிருந்து லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைத் துவக்கி, டிஸ்க் முழுவதையும் பூஜ்யத்தால் நிரப்பும் முறையைக் கையாண்டோம். முதலில் மூன்று சுற்று போட்டேன். 320 ஜிபி டிஸ்க் ஒன்று ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடியபோது மின்சாரம் போனது, முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கு முழுமையான ஒரு சுற்றே போதும் என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் வழிகாட்டியே சொல்கிறது. ஒரு சுற்று என்றால் 320 ஜிபிக்கு எனக்கு 80 நிமிடம் ஆனது. முடிந்ததும் நடுவில் பத்து இடத்தைத் திறந்து, பூஜ்யம்தான் இருக்கிறதா என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். சுழலும் தட்டு இல்லாமல் சில்லில் சேமிக்கும் எஸ்எஸ்டியாக இருந்தால் இந்த முறையை நம்ப வேண்டாம். அது எழுதும் இடத்தைத் தானே மாற்றிக்கொண்டே போகும், அதற்கென்று இருக்கும் 'செக்யூர் எரேஸ்' கட்டளையைத்தான் கொடுக்க வேண்டும்.

மேசைக் கணினி டிஸ்க் ஒன்றும் மடிக்கணினி டிஸ்க் ஒன்றும் உயிரே இல்லாமல் இருந்தன. அழிக்க முடியாததை உடைத்தோம். மேசைக் கணினியின் டிஸ்க்கில் 6 மில்லிமீட்டர் பிட்டால் நான்கு துளை போட்டோம். உள்தட்டு அலுமினியம், ஒழுங்காகத் துளை விழுந்தது. அதே நினைப்பில் மடிக்கணினி டிஸ்க்கில் டிரில்லை வைத்ததும் உள்ளே சளசளவென்று நொறுங்கும் சத்தம். சிறிய டிஸ்க்குகளில் பலவற்றின் தட்டு கண்ணாடி. சில்லு ஒன்று துளை வழியாகத் தெறித்து அண்ணன் மகனின் புருவத்தின் மேல் பட்டது. கண்ணுக்குக் கண்ணாடி போடச் சொல்லாதது என் தவறு. அதன் பிறகு பாதுகாப்புக் கண்ணாடி வாங்கினோம், 120 ரூபாய். சிறிய டிஸ்க்கை டிரில் செய்யாமல் தடித்த சாக்குக்குள் வைத்துச் சுத்தியலால் அடித்தால் போதும்.

ஐந்துக்கும் புதிதாக 128 ஜிபி எஸ்எஸ்டி போட்டோம். ஒன்று 1,150 ரூபாய். செலவில் பெரிய பங்கு இதுதான், ஆனால் இதற்கு ஈடான மாற்றம் வேறெதிலும் கிடைக்காது. ஒரு கோர் 2 டுவோ திறக்க 3 நிமிடம் 40 வினாடி எடுத்துக்கொண்டிருந்தது, இப்போது 41 வினாடி. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவி, தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்தேன். மலையடிவாரத்தில் இணையம் வந்தால் வரும் என்ற நிலை என்பதால், ஆறு முதல் பத்து வரையிலான தமிழ்நாடு அரசுப் பாடநூல்களையும், இணையமில்லாமல் படிக்க உதவும் கிவிக்ஸ் மென்பொருள் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவையும் உள்ளேயே இறக்கி வைத்தேன்.

இந்த முறை கணினியை அனுப்பும் முன் நாங்கள் போனோம். மல்டிமீட்டரோடு. இரவு ஏழு மணிக்கு மையத்தின் பிளக்கில் 172 வோல்ட், சுற்றிலும் பம்ப் செட்டுகள் ஓடும் நேரம். பதினொரு மணிக்கு ஆசிரியையின் கணவர் அளந்து சொன்னது 229. முன்பு கொடுத்த கணினியின் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் 180 முதல் 264 என்று தெளிவாக அச்சிட்டிருந்ததைப் பிறகு போய்ப் பார்த்தேன். அது வெடித்ததில் வியப்பில்லை. 1 கேவிஏ ஸ்டெபிலைசர் ஒன்று 2,400 ரூபாய்க்கு வாங்கினோம். ஐந்து கணினிக்கும் மானிட்டருக்கும் தாங்குகிறது.

எர்த் நிலைமை அதைவிட மோசம். சோதனைக்கு ஒரு கணினியைப் போட்டதும் கேபினெட்டில் விரல் பட்ட இடம் சுருக்கென்றது. பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருந்தது, அதற்குப் பின்னால் வயரே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கேபினெட்டைத் தொட்டபடி இரண்டு சிறிய கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த் இல்லையென்றால் பாதி மின்னழுத்தம் கேபினெட்டில் வந்து நிற்கும். அளந்தபோது 108 வோல்ட். மின்சாரத்தின் அளவு மிகக் குறைவு என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை என்று அண்ணன் மகன் சொன்னான். ஆனால் பிள்ளைகள் வெறுங்காலோடு மண் தரையில் உட்கார்ந்து படிக்கும் இடம் அது. எர்த் போடாமல் ஒரு கணினியும் வராது என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஊரில் எலெக்ட்ரீஷியன் ஒருவரைப் பிடித்து, எட்டடி ஜிஐ குழாயைக் கரியும் உப்பும் போட்டு இறக்கினோம். ஆளுக்கும் பொருளுக்கும் சேர்த்து 1,900 ரூபாய். பிறகு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 1.6 வோல்ட். செம்மண் கோடையில் காய்ந்துவிடும். வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழியில் ஊற்ற வேண்டும் என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பட்டன் செல் கதைக்கு வருகிறேன். முதல் கணினி 'ஆங்கிலத்தில் ஏதோ எழுதி' நின்றதற்குக் காரணம் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 செல். புதிய செல்லில் 3.2 வோல்ட் இருக்கும், அதில் 2.1 தான் இருந்தது. மின்சாரம் போனால் கடிகாரமும் அமைப்புகளும் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் எஃப்1 அழுத்தச் சொல்லி நிற்கும். அழுத்தி உள்ளே போனாலும் தேதி 2009 ஜனவரி 1. அந்தத் தேதியில் இணையதளங்களின் சான்றிதழ் எதுவும் செல்லாது, எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று வரும். அவர்கள் 'நெட் கெட்டுவிட்டது' என்று நினைத்து மூடி வைத்துவிட்டார்கள். ஏறக்குறைய ஆறு மாதம் ஒரு கணினி சாக்குக்கு அடியில் கிடந்தது 35 ரூபாய்ச் செல்லுக்காக! அதைச் சொல்லிக்கொடுக்காத நான்தான் பொறுப்பு.

அதனால் செப்டம்பர் இரண்டாம் வாரம் ஐந்து கணினிகளும் போனபோது, ஒவ்வொரு கேபினெட்டின் உள்பக்கத்திலும் ஓர் உதிரி செல்லை உறையோடு ஒட்டி அனுப்பினேன். ஒரு ஞாயிறு முழுக்க நான்கு பிள்ளைகளுக்கு அதை மாற்றக் கற்றுக்கொடுத்தேன். பிளக்கைக் கழற்ற வேண்டும், பவர் பொத்தானை ஐந்து வினாடி அழுத்த வேண்டும், கொக்கியை நகத்தால் தள்ளினால் செல் துள்ளி வரும், எழுத்துள்ள பக்கம் மேலே. தீப்பெட்டிக் கடிதம் எழுதிய அந்தப் பெண் இரண்டாவது முறையிலேயே கண்ணை மூடிக்கொண்டு மாற்றினாள். நான்கு கணினிகளில் புதுச் செல் போட்டிருந்தேன். மூன்றாம் எண்ணில் மட்டும் பழையது 2.96 காட்டியதால் அப்படியே விட்டேன். அதுதான் ஐந்து மாதத்தில் தீப்பெட்டியில் திரும்பி வந்திருக்கிறது. வெறுமனே அளக்கும்போது நன்றாகக் காட்டும் செல் வேலை கொடுத்ததும் இறங்கிவிடும். அடுத்த முறை வோல்ட் பார்க்க மாட்டேன், எல்லாவற்றையும் மாற்றிவிடுவேன்.

ஆசிரியையிடம் ஒரு வாக்கும் கொடுத்தேன்: இதில் எது செத்தாலும் நானே திரும்ப எடுத்துக்கொள்வேன். வயர் துண்டானாலும் சரி, செல் ஆனாலும் சரி.

மீதிப்பட்ட பொருளுக்கு ஆள் தேடியது நீண்ட வேலை. மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் இவை போய்ச்சேர வேண்டும். வாரியத்தின் பட்டியலை எடுத்து, சென்னையைச் சுற்றியுள்ள நான்கு நிறுவனங்களுக்குத் தொலைபேசியில் பேசினேன். இருவர் குண்டு மானிட்டர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் பதிவுச் சான்றின் நகலைக் கேட்டதும் பேச்சை மாற்றினார், அங்கே நிறுத்திக்கொண்டேன். நான்காமவர் சான்றை அனுப்பினார். மானிட்டரும் எடுப்பார், ஆனால் 200 கிலோவுக்குக் குறைந்தால் வேலூர் வரை வண்டி வராது.

என்னிடம் இருந்தது 118 கிலோ. வீட்டுத் தராசிலேயே நின்றுகொண்டு ஒவ்வொன்றாகத் தூக்கி எடை போட்டேன். குண்டு மானிட்டர் ஒன்றே 14 கிலோ. பக்கத்து ஜெராக்ஸ் கடைகள், வழக்கறிஞர் அலுவலகங்கள், எங்கள் தெரு வீடுகள் என்று கேட்டுக்கொண்டு போனேன். 2006-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி இன்னும் பல வீட்டுப் பரணில் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. "தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பழுது பார்க்கவும் ஆள் இல்லை" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். நவம்பரில் வண்டி வந்த நாள் 263 கிலோ இருந்தது. கேபினெட், போர்டு வகைக்கு எடைக்கு ஏற்பப் பணம் கொடுத்தார்கள், மானிட்டருக்கு எதுவுமில்லை. என் பங்கு 1,310 ரூபாய். எடை குறிப்பிட்ட ரசீதை வாங்கிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.

யுபிஎஸ் பேட்டரிகளை அதில் சேர்க்கவில்லை. நான்கையும் பேட்டரி விற்பவரிடமே கொடுத்தேன், தலா 180 ரூபாய் தந்தார். அரசு மடிக்கணினியின் லித்தியம் பேட்டரி உப்பி, கீபோர்டையே மேலே தள்ளியிருந்தது. அதை அழுத்தாமல், நெம்பாமல் கழற்றி, முனைகளில் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வாசல் நிழலில் வைத்திருந்து, வண்டிக்காரரிடம் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன்.

செலவு: எஸ்எஸ்டி 5,750, ராம் 1,350, பத்து செல் 350, பேஸ்ட், ஆல்கஹால், கண்ணாடி 460, புது எஸ்எம்பிஎஸ் ஒன்று 750, ஸ்டெபிலைசர் 2,400, எர்த் 1,900, ஒடுகத்தூர் வரை குட்டியானை வண்டி 1,400. மொத்தம் 14,360. வரவு 2,030 போக என் கையிலிருந்து 12,330 ரூபாய். ஒரு கணினிக்கு 2,500 ரூபாய்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகள் பதினொன்று ஆயின.

மறுபடி செய்தால் முதலில் மல்டிமீட்டரோடு இடத்தைப் பார்க்கப் போவேன், அதன் பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பேன். பிரிண்டர்களில் டாட் மேட்ரிக்ஸ் ஒன்று ரிப்பன் மாற்றியதும் ஓடிவிட்டது; அதை வண்டியில் ஏற்றாமல் வைத்துக்கொண்டேன், கார்பன் நகல் கேட்கும் இரண்டு பேர் இன்னும் வருகிறார்கள். தீப்பெட்டிச் செல் இப்போது கடை அலமாரியில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் இருக்கிறது. அதன் பக்கத்தில், நவம்பர் வண்டியைத் தவறவிட்ட தெருக்காரர்கள் கொண்டுவந்து வைத்த இரண்டு தொலைக்காட்சிகளும் ஒரு மிக்சியும் இருக்கின்றன. 31 கிலோ. இன்னும் 169 சேர வேண்டும்.